பாவித்த ஜப்பான் ரீவியா, புதியதா? மல்லாவி வீட்டுக்கு யோசனை வேண்டும்

மல்லாவி மகள்:

வணக்கம். அம்மா மல்லாவியில் தனியாக இருக்கிறார். அவருடைய 21 அங்குலப் பழைய பெட்டி ரீவி ஐப்பசியில் விழுந்த இடியோடு நின்றுவிட்டது. திருத்தக் கொடுத்தோம், அதற்குரிய பாகம் இப்போது வருவதில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். நான் வவுனியாவில் வேலை செய்வதால் கிழமைக்கு ஒரு முறைதான் வீட்டுக்குப் போகிறேன். மாலை நேரத்தில் அம்மாவுக்குத் துணை அந்த ரீவிதான். அதனால் விரைவில் ஒன்று வாங்க வேண்டும்.

கிளிநொச்சியில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த, பாவித்த 32 அங்குல ரீவியை 20,000 ரூபாய்க்குத் தருகிறார். நல்ல பெயருள்ள கம்பனி, பார்க்கவும் புதிது போல இருக்கிறது. இதே அளவில் புதியதற்குக் கடையில் 52,000 கேட்கிறார்கள்; கட்டுக்காசுக்கும் (மாதத் தவணைக்கும்) தருவார்களாம். பக்கத்து வீட்டு மாமா தன்னுடைய பெட்டி ரீவியை 4,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்.

எங்கள் டிஷ் பெட்டியைக் கொண்டுபோய் அந்த ஜப்பான் ரீவியில் மூன்று நிற வயரால் பொருத்திப் பார்த்தேன். சத்தம் தெளிவாக வந்தது. படம் கறுப்பு வெள்ளையாக வந்தது. இடையிடையே மேல்நோக்கி உருண்டது. வயர் பழுது, வேறு வயர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். பின்பக்கப் பட்டியில் 100 வோல்ட் என்று இருக்கிறது. அதற்கு ஒரு சிறிய பெட்டியும் சேர்த்துத் தருவாராம். எங்கள் பக்கத்தில் மாலையில் மின் அழுத்தம் நன்றாகக் குறைந்துவிடும், பல்புகள் மங்கும். என்ன செய்யலாம்?

முறிகண்டி:

ஜப்பான் சாமான் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள் தங்கச்சி. எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று ஆண்டுக்கணக்காக ஓடுகிறது. இப்போது வரும் புதிய ரீவிகளில் பாதி வெறும் பிளாஸ்டிக்.

பரந்தன் திருத்துநர்:

தங்கச்சி, காசை இன்னும் கொடுக்காதீர்கள். வயரில் பிழை இல்லை.

ஜப்பானில் பழைய ஒளிபரப்பு முறை என்.டி.எஸ்.சி. இலங்கையில் இருப்பது 'பால்' (PAL) என்ற வேறு முறை. மூன்று நிற வயர் வழியாக உங்கள் டிஷ் பெட்டி அனுப்புவது பால் படம். ஜப்பானுக்குள் மட்டும் விற்பதற்காகச் செய்த ரீவி அந்த நிறச் செய்தியைப் பிரித்தறியாது. அதனால்தான் கறுப்பு வெள்ளை. அங்கே நொடிக்கு 60 களம் (களம் என்பது ஒரு படத்தின் பாதி), இங்கே 50 களம். படம் உருளுவது அதனால். நூறு வயர் மாற்றினாலும் இதுதான் வரும். வீட்டுக் கூரையில் அன்ரெனா பூட்டி நேத்ரா, வசந்தம், சக்தி பார்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம். ஜப்பான் 2011 ஜூலையில் பெரும்பாலான மாகாணங்களிலும், சுனாமியால் அடிபட்ட மூன்று மாகாணங்களில் 2012 மார்ச்சிலும் அனலொக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டது. அந்த ரீவிகளின் உள்ளே இருப்பது அவர்களுடைய டிஜிட்டல் ஒளிபரப்புக்கான ரியூனர் (அலைவரிசையைப் பிடிக்கும் பகுதி). பக்கத்திலோ பின்னாலோ ஒரு சிறிய அட்டை செருகியிருக்கும். அதுவும் அந்த நாட்டு ஒளிபரப்பைத் திறப்பதற்குத்தான். இங்கே அதனால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் டிஷ் பெட்டியில் எச்.டி.எம்.ஐ துளை (படமும் சத்தமும் ஒரே வயரில் போகும் துளை) இருந்தால் அதன் வழியாக ஒரு முறை பாருங்கள். நிறம் வரும். சில ஜப்பான் ரீவிகள் அதிலும் 50 ஹேர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை மாறும்) படத்தை ஏற்காமல், சிக்னல் இல்லை என்று காட்டும். அப்படி வந்தால் டிஷ் பெட்டியின் அமைப்புக்குள் போய் 60 ஹேர்ட்ஸ் இருக்கிறதா என்று தேடி மாற்றிப் பாருங்கள்.

இனி அந்தச் "சிறிய பெட்டி". எனக்கு உண்மையான கவலை இதில்தான். நம்முடைய மின்சாரம் 230 வோல்ட், அதை 100 ஆக இறக்கித் தருவது அந்த ட்ரான்ஸ்போமர். அது விகிதப்படிதான் இறக்கும். மல்லாவியில் மாலையில் 190க்குப் போனால் ரீவிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 83 வோல்ட். இரவில் எல்லோரும் மோட்டரை நிறுத்திய பிறகு 250க்கு ஏறினால் 109. நூறு வோல்ட்டுக்கு என்றே செய்த ரீவியின் மின்பகுதிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. இப்போது கடையில் விற்கும் புதிய ரீவிகள் பலவற்றின் பின்பட்டியில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். அப்படியானது 190இலும் எதுவும் நடக்காதது போல ஓடும். ஜப்பான் சாமான் உறுதியானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஜப்பானின் மின்சாரத்தில்தான் உறுதியானது.

இன்னொன்று, மலிவான ட்ரான்ஸ்போமர்கள் பெரும்பாலும் ஒரே சுற்றுக் கம்பியால் செய்தவை. உள்ளே வரும் மின்சாரத்துக்கும் ரீவிக்குப் போவதற்கும் பொதுவான சுற்றுப் பகுதி அறுந்தால் 230 வோல்ட்டும் நேராக ரீவிக்குள் போய்விடும். அம்மா தனியாக இருக்கிறார் என்கிறீர்கள். வீடு கூட்டும்போது பிளக்கைக் கழற்றி, ட்ரான்ஸ்போமரை விட்டுவிட்டுச் சுவரில் நேரே செருகினாலும் அன்றோடு முடிந்தது. இப்படி வெடித்த கெப்பாசிட்டர்களோடு என் மேசைக்கு வரும் ரீவிகளில் பலவற்றைச் செருகியவர்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர்.

முறிகண்டி:

அண்ணா சொல்வது நியாயம். எங்கள் வீடு பிரதான வீதியோரம், ட்ரான்ஸ்போமர் கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அழுத்தம் குறைவதே இல்லை. எச்.டி.எம்.ஐ வழியாகத்தான் பார்க்கிறோம். மெனு முழுவதும் ஜப்பான் எழுத்து. மகன்தான் எல்லாவற்றையும் சரி செய்து தருவான். அதையும் யோசியுங்கள்.

வவுனிக்குளம்:

மகள், பக்கத்து வீட்டு மாமாவின் ரீவியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. மின்சாரமே இல்லாத ஆண்டுகளில் இதே வன்னியில் ஜெனரேட்டர் போட்டு, ஊரே ஒரு முற்றத்தில் கூடிப் பார்த்தது இந்தப் பெட்டி ரீவிகளில்தான். மீள்குடியேறி வந்தபோது நாங்கள் முதலில் வாங்கியதும் பாவித்த 21 அங்குலப் பெட்டி ஒன்றுதான். தட்டினாலும் ஓடும், அழுத்தம் குறைந்தாலும் ஓடும். உங்கள் மூன்று நிற வயரும் அதற்குப் பொருந்தும். 4,000 ரூபாய்க்கு என்ன குறை?

பரந்தன் திருத்துநர்:

ஐயா, அந்தப் பெட்டிகளில்தான் நான் தொழில் பழகினேன். அவற்றின் மின்பகுதிகள் பல உண்மையிலேயே குறைந்த அழுத்தத்தையும் தாங்கும். இப்போது தடை வேறு இடத்தில் இருக்கிறது. படக்குழாய் தேய்ந்துவிட்டால் மாற்றுக் குழாய் கிடையாது. உயர் அழுத்தம் தரும் பிளைபாக் போனால், அந்த மொடலுக்குரியதை வேறொரு செத்த ரீவியிலிருந்து கழற்றினால்தான் உண்டு. தங்கச்சியின் ரீவிக்கும் பாகம் கிடைக்காமல் போனது அப்படித்தான்.

மாமாவின் ரீவியைக் குளிர்ந்த நிலையில் போட்டுப் பாருங்கள். முகங்கள் தெளிவாக வர ஐந்து நிமிடம் எடுத்தால், அல்லது வெளிச்சத்தை முழுவதும் கூட்டியும் மங்கலாகவே இருந்தால், குழாய் தன் காலத்தை முடித்துக்கொண்டிருக்கிறது.

மின் கட்டணமும் இருக்கிறது. 21 அங்குலப் பெட்டி ஒன்று 80 வோட் எடுக்கும் என்று வையுங்கள், 32 அங்குல எல்.ஈ.டி 40 வோட். நாளுக்கு ஐந்து மணி நேரம் பார்த்தால் மாதத்துக்கு 6 அலகு வித்தியாசம். சிறிய தொகைதான். ஆனால் அம்மாவின் வீட்டுப் பாவனை 60 அலகுக்கு அருகில் இருந்தால் கவனியுங்கள். வீட்டு மின் கட்டணம் 60ஐத் தாண்டியதும் வேறு விகிதத்தில் கணக்கிடப்படுகிறது.

புதுக்குடியிருப்பு அக்கா:

கட்டுக்காசு என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பக்கம் போகாதீர்கள் தங்கச்சி. மாதத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவோம். எல்லா மாதத்தையும் கூட்டி, முற்பணத்தையும் சேர்த்து, உடன் காசு விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் கிழமைக் கடன் கட்டி நொந்த பெண்கள் எத்தனை பேர்! ஒரு ரீவிக்காக அம்மாவின் வாசலுக்கு வசூலிக்க ஆள் வரக்கூடாது. கையில் இருக்கும் காசுக்குச் சிறியதாக, 24 அங்குலத்தில் புதியது கிடைத்தாலும் போதும். மல்லாவி வீட்டின் முன்னறை எவ்வளவு பெரிதாக இருந்துவிடப் போகிறது?

மல்லாவி மகள்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடியும் கிளிநொச்சிக்குப் போய் எச்.டி.எம்.ஐ வழியாகப் பார்த்தேன். அண்ணா சொன்னபடி நிறம் வந்தது. ஆனால் திரையின் இடது பக்கம் முழுவதும் நீலம் பாய்ந்தது போல இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டவர் அந்தப் பக்கம் வந்தால் ஊதாவாகத் தெரிகிறார். பின்பட்டியில் ஆண்டு 2012 என்று இருக்கிறது. விற்பவர் இப்போது 16,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். இதில் யூடியூப் இருக்கிறது என்றும் சொல்கிறார். அம்மாவுக்கு வற்றாப்பளைப் பொங்கலையும் நல்லூர்த் திருவிழாவையும் நேரலையில் பார்க்க ஆசை.

பரந்தன் திருத்துநர்:

அந்த நீலம், திரைக்குப் பின்னால் உள்ள எல்.ஈ.டி விளக்குகளின் மஞ்சள் பூச்சு வெந்துபோனதன் அடையாளம். விளக்கு எரிகிறது, நிறம் கெட்டுவிட்டது. அடுத்த கட்டத்தில் ஒவ்வொன்றாக அணையும். ஒரு நாள் சத்தம் மட்டும் வரும், திரை இருண்டிருக்கும். அந்த விளக்குப் பட்டிகளை மாற்றலாம். ஆனால் திரைக் கண்ணாடியைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும்; கழற்றும்போது அது உடைந்தால் ரீவியே போயிற்று. இன்னும் குறைத்தாலும் வாங்காதீர்கள்.

யூடியூப் கதையையும் நம்ப வேண்டாம். 2012க்கும் அதற்கு முன்னருக்கும் உரிய பல ரீவிகளில் பழைய யூடியூப் செயலியை 2015இலேயே நிறுத்திவிட்டார்கள். திரையில் அதன் சின்னம் இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது. நேரலைதான் வேண்டும் என்றால் எச்.டி.எம்.ஐ துளையுள்ள எந்த ரீவியிலும் செருகக்கூடிய, இணைய வீடியோ காட்டும் சிறிய ஸ்டிக் ஒன்றைத் தனியாக வாங்கலாம். அதற்காக ரீவிக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

பாவித்ததே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடையில் புதிதாக வாங்கி, இங்கேயே ஓடிய ரீவியாகப் பாருங்கள். 230 வோல்ட், பால் முறை, ஆங்கில மெனு, கிடைக்கும் உதிரிப் பாகம் எல்லாம் அதில் இருக்கும். வெளிநாடு போகிறவர்களும் வீடு மாறுகிறவர்களும் வவுனியாவில் அடிக்கடி விற்கிறார்கள்.

மல்லாவி மகள்:

அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது அண்ணா! என்னோடு வேலை செய்யும் ஒருவருடைய உறவினர் கனடாவுக்குப் போகிறார். இங்கே கடையில் வாங்கிய 32 அங்குலம், பற்றுச்சீட்டும் இருக்கிறது, நான்கு ஆண்டுப் பாவனை. 24,000 சொல்கிறார். சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பரந்தன் திருத்துநர்:

உங்கள் டிஷ் பெட்டியையும் வயர்களையும் கொண்டுபோங்கள். போய்ச் சேரும்போது ரீவி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, ஆறவிட்டு, நீங்களே போடுங்கள். சில பழுதுகள் குளிர்ந்த நிலையில் மட்டும் தெரியும், சில சூடேறிய பிறகுதான் தெரியும். அதனால் ஒரு மணி நேரமாவது அங்கே இருங்கள். தேநீர் தருவார்கள், குடித்துக்கொண்டே திரையைப் பாருங்கள்.

கைத்தொலைபேசியில் முழு வெள்ளை, முழுக் கறுப்புப் படங்களை எடுத்து, பென் டிரைவில் போட்டு ரீவியில் காட்டுங்கள். வெள்ளையில் நீலத் திட்டும் கருமையும் தெரியும். கறுப்பில், அறை விளக்கை அணைத்துவிட்டு மூலைகளைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஒரே ஒரு மெல்லிய கோடு இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். அந்தக் கோடு திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நாடாவில் வரும் பழுது. அதைத் திருத்தக் கேட்கும் காசுக்கு இன்னொரு ரீவி வாங்கலாம்.

பின்பக்கத் திருகாணிகளைப் பாருங்கள். தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது குற்றமில்லை, எதற்காகத் திறந்தார்கள் என்று கேளுங்கள். எச்.டி.எம்.ஐ துளைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். இடியில் அவை எளிதில் சாகும்.

மல்லாவி மகள்:

பார்த்து வாங்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம் ஓடவிட்டோம். கோடு இல்லை, திட்டு இல்லை. இரண்டு எச்.டி.எம்.ஐ துளைகளில் ஒன்று வேலை செய்யவில்லை. அதைச் சொன்னதும் 21,000க்குத் தந்தார்கள். பஸ்ஸில் வேண்டாம் என்று தெரிந்தவருடைய வான் வண்டியில், படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டுவந்தோம். அம்மா நேற்று இரவு பத்து மணி வரை பார்த்தாராம்.

இரண்டு கேள்விகள் மீதி இருக்கின்றன. இனி இடி வந்தால் என்ன செய்வது? பழுதான பழைய பெட்டி ரீவியை என்ன செய்வது? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உடைத்து விளையாடக் கேட்கிறார்கள்.

பரந்தன் திருத்துநர்:

நல்ல விலைதான் தங்கச்சி. வேலை செய்யாத அந்தத் துளையும் இடிபட்டதாகத்தான் இருக்கும்.

இடிக்கு: வானம் இருண்டதும் பிளக்கைக் கழற்றுவது பாதி வேலைதான். டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் டிஷ் பெட்டியிலிருந்து கழற்றி, ரீவியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இடி அந்த வழியாகவும் வீட்டுக்குள் வரும். சுவிட்சை மட்டும் அணைத்தால் காப்பாற்றாது. முழக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா எதையும் தொட வேண்டாம், அதற்கு முன்பே கழற்றிவிடட்டும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மத்தியானத்துக்குப் பிறகு வெளியே போனால், போகும்போதே கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள். வீட்டுக்கு நிலக்கம்பி (எர்த்) ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பதும் நல்லது.

பழைய பெட்டியைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குழாயின் உள்ளே காற்றில்லை. உடைந்தால் கண்ணாடி உள்ளிழுத்து வெளியே தெறிக்கும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. ஓடும்போது குழாய்க்குப் போவது 20,000 வோல்ட்டுக்கு மேல். அதன் மிச்சம் நிறுத்திய பிறகும் உள்ளே நிற்கலாம். அதனால் மூடியையும் திறக்க வேண்டாம். பரந்தன் பக்கம் வரும் வாகனத்தில் ஏற்றிவிடுங்கள். பிளைபாக் இல்லாமல் ஒருவருடைய ரீவி என் மேசையில் காத்திருக்கிறது. உங்களுடையதில் அது நல்லதாக இருந்தால் அதற்குப் பொருத்திப் பார்க்கிறேன்.