மறு: விண்கலப் பரப்பு கெடுவதற்கு 'அரிப்பு' போதுமா?

ஐயா, வணக்கம்.

> அணு ஆக்சிஜன் தாக்கிப் பரப்பு கெடுவதை 'அரிப்பு' என்றே சொல்லலாமே, புதுச்சொல் எதற்கு?

அணு ஆக்சிஜன், அதாவது தாழ்ந்த சுற்றுப்பாதையில் தனித்தனி அணுக்களாக உலவும் ஆக்சிஜன், தாக்கிப் படலம் கரைந்து மெலிவதற்கு அரிப்பு பொருத்தம்தான். நம் கலைச்சொல் பட்டியலுக்கு நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு: பரப்பு கண்ணாடித்தன்மையை இழப்பதற்கு.

பொருள்கள் விண்வெளியில் எப்படி மாறுகின்றன என்று பார்க்க நாசா அனுப்பிய எல்டெஃப் (LDEF) கலத்தையே பாருங்கள். 1984 ஏப்ரலில் சுற்றுப்பாதையில் விடப்பட்டு, 1990 ஜனவரியில் விண்ணோடத்தில் திரும்பியது. அத்தனை காலமும் அதன் ஒரே பக்கம்தான் முன்னோக்கியிருந்தது. நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அணு ஆக்சிஜனை எதிர்கொண்ட அந்தப் பக்கத்தில், வெள்ளிப் பூச்சுள்ள டெஃப்லான் படலம் பால்போல் வெளுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அது எதிரொளித்த மொத்த ஒளி பெரிதாகக் குறையவில்லை, திசைதான் சிதறியது. வெப்பக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் பொறியாளருக்கு இதில் பெரிய கவலை இல்லை. செயற்கைக்கோளை மறைக்க நினைப்பவருக்கோ இதுவே குடியைக் கெடுக்கும்.

அமெரிக்காவில் 1994-இல் வழங்கப்பட்ட காப்புரிமை ஒன்று, ஊதிப் பெருக்கிய கூம்பு வடிவப் படலத்தால் செயற்கைக்கோளை மறைக்கும் வழியைச் சொல்கிறது. கூம்பு ஒளியை விழுங்குவதில்லை. பார்ப்பவர் இல்லாத பக்கம் திருப்பிவிடுகிறது. பரப்பு கண்ணாடியாக இருக்கும்வரைதான் இந்தத் தந்திரம் செல்லும். வெளுத்தால் ஒளி நாலாபக்கமும் சிதறும். மிஸ்டி என்று அறியப்படும் உளவுக்கோளை 1990-இல் ஏவிய சில மாதங்களிலேயே கண்டுபிடித்த பொழுதுபோக்கு வான்நோக்கர்களுக்கு அப்புறம் என்ன சிரமம்?

ஆகவே 'மெருகிழப்பு' என்கிறேன். 'எதிரொளிப்பிழப்பு' ஒளி குறைந்ததாகப் பொய் சொல்கிறது. 'மங்கல்' என்பதும் அப்படியே.

இன்னொன்றும் தேவை. மேற்பூச்சில் ஊசித்துளை இருந்தால், ஆக்சிஜன் அதன்வழி நுழைந்து அடியிலுள்ள படலத்தைத் துளையைவிட அகலமாகத் தின்றுவிடுகிறது. மேலே பூச்சு அப்படியே இருக்கும், கீழே பொந்து. இதற்கு 'அடிக்குடைவு' எப்படி?

பட்டியலின் தலைப்புச் சொல்லுக்கு, அதாவது இப்படி மறைந்து இயங்கும் செயற்கைக்கோளின் பெயருக்கு, 'ஒளிகோள்' வேண்டவே வேண்டாம். ஒளிரும் கோளா, ஒளிந்துகொள்ளும் கோளா என்று வாசகர் தலையைப் பிய்த்துக்கொள்வார். கண்ணுக்குப் புலப்படாத கோள்களுக்குச் சோதிடத்தில் 'கரந்துறைகோள்' என்ற பெயர் இருக்கிறதே, அதை எடுத்தாள என்ன தயக்கம்? சோதிட வாடை என்பீர்கள். 'கோள்' மட்டும் எங்கிருந்து வந்ததாம்?

அடிக்குடைவுக்கு மாற்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மெருகிழப்பைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.