கிம்ப் பிளகின் போட்டாச்சு, மெனுவில் வரவே இல்லை (லினக்ஸ் மின்ட் 22)

உசிலம்பட்டி ஸ்டுடியோ:

வணக்கம். உசிலம்பட்டியில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் சைஸ், காதணி விழா ஆல்பம், கண்ணீர் அஞ்சலி படம், இதுதான் பிழைப்பு. கம்ப்யூட்டர் பழசு, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றுபோச்சு, 11 இந்த மெஷினில் ஏறாது என்றார்கள், அதனால் தங்கச்சி மகன் லீவில் வந்தபோது லினக்ஸ் மின்ட் 22 போட்டு, படம் திருத்துகிற கிம்ப் என்ற சாஃப்ட்வேரும் ஏற்றிக் கொடுத்துவிட்டு காலேஜுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். பிரின்டர், ஸ்கேனர் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது.

பிரச்சினை பிளகினில், அதாவது கிம்ப்போடு சேர்த்துக்கொள்கிற கூடுதல் வசதியில்தான். எனக்கு இரண்டு வேண்டும். ஒன்று ஜிமிக், பழைய போட்டோவைச் சரி பண்ண. அதை சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி இன்ஸ்டால் பண்ணினேன், போட்டாச்சு என்று பச்சை டிக் காட்டுகிறது, ஆனால் கிம்ப்பைத் திறந்தால் ஃபில்டர்ஸ் மெனுவில் அப்படி ஒரு பெயரே இல்லை. இன்னொன்று, 4-க்கு 6 பேப்பரில் எட்டு பாஸ்போர்ட் படத்தைத் தானே அடுக்கித் தரும், பைத்தான் என்ற புரோகிராம் மொழியில் எழுதிய ஒரு பிளகின், எங்கள் லைனில் உள்ள நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்தது. ஒரு பழைய வீடியோவைப் பார்த்து, வீட்டு (ஹோம்) ஃபோல்டருக்குள் மறைந்திருக்கிற கான்ஃபிக் ஃபோல்டர், அதற்குள் கிம்ப், அதற்குள் 2.10, அதற்குள் பிளக்-இன்ஸ் என்று போய் அந்த ஃபைலைப் போட்டேன். மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன், ஒன்றும் வரவில்லை.

அவசரம் என்னவென்றால், எழுமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எழுபதுகளில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்கு இருப்பதே அந்த ஒரு படம்தான். ஃபிரேமுக்குள் ஈரம் இறங்கிப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது, பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும் என்று கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு முதலாம் ஆண்டு நினைவு நாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை வடகரை:

அண்ணே, பிளகின் போடுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். கிம்ப்பைத் திறந்து ஹெல்ப் மெனுவில் அபவுட் அழுத்தினால் என்ன வெர்ஷன் காட்டுகிறது? அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் கிம்ப் என்று தேடினால் ஒரு ஐகான் வருகிறதா, இரண்டு வருகிறதா?

எனக்கென்னவோ உங்கள் மெஷினில் இரண்டு கிம்ப் இருக்கும் என்று தோன்றுகிறது. மின்ட் 22-ல் சாஃப்ட்வேர் மேனேஜரில் கிம்ப் பக்கம் போனால் சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பேக் என்று இரண்டு வழி காட்டும். முதலாவது மின்ட்டோடு சேர்ந்து வருவது, ஃபிளாட்பேக் தனிப் பெட்டி மாதிரி வருவது. சிஸ்டம் பேக்கேஜ் எடுத்தால் பழைய 2.10 வரும், ஃபிளாட்பேக் எடுத்தால் 3 வரிசை வரும். இந்த இரண்டும் ஒரே மெஷினில் இருந்தாலும் தனித்தனி வீடு, அடுப்பங்கரையும் தனி. ஒன்றுக்குப் போட்ட பிளகின் மற்றதற்குத் தெரியாது. நீங்கள் போட்ட ஜிமிக் சிஸ்டம் பேக்கேஜ் கிம்ப்புக்கானது, நீங்கள் தினமும் திறப்பது ஃபிளாட்பேக் கிம்ப்பாக இருந்தால் காலம் பூராவும் தேடினாலும் மெனுவில் வராது.

உசிலம்பட்டி ஸ்டுடியோ:

சரியாகச் சொன்னீர்கள். இரண்டு ஐகான் இருக்கிறது. நான் திறப்பதில் 3.0 என்று வருகிறது, இன்னொன்றில் 2.10.36. மருமகன் முதலில் பழையதைப் போட்டிருக்கிறான், போவதற்கு முந்தின நாள் புதுசு நல்லாயிருக்கும் மாமா என்று இன்னொன்றையும் போட்டான், எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது. 2.10-ஐத் திறந்து பார்த்தால் ஃபில்டர்ஸ் மெனுவின் அடியில் ஜிமிக் இருக்கிறது! ஆனால் எனக்கு 3.0 கை பழகிவிட்டது, போட்ட எஃபெக்டை அப்புறமும் திறந்து மாற்ற முடிகிறது, அதை விட மனசில்லை.

வைகை வடகரை:

விட வேண்டாம், 3.0-விலேயே இருங்கள். 2018-ல் வந்தது 2.10, அதற்கப்புறம் 2025 மார்ச்சில்தான் 3.0 வந்தது, ஏழு வருஷ வேலை அதில் இருக்கிறது.

ஃபிளாட்பேக் கிம்ப்புக்கு ஜிமிக்கும் ஃபிளாட்பேக்காகவே வர வேண்டும். டெர்மினலை (கட்டளை டைப் பண்ணுகிற விண்டோ) திறந்து ஆங்கில எழுத்தில் ஃபிளாட்பேக் சர்ச் ஜிமிக் என்று அடியுங்கள் (ஜிமிக் என்பதை ஜி, எம், ஐ, சி என்று நான்கு எழுத்தாக, நடுவில் குறி எதுவும் வேண்டாம்). வருகிற பட்டியலில் அப்ளிகேஷன் ஐடி என்று ஒரு நீளமான பெயர் இருக்கும், கிம்ப் பிளகின் என்று நடுவில் வரும், அதை அப்படியே காப்பி பண்ணி ஃபிளாட்பேக் இன்ஸ்டால் என்பதற்குப் பின்னால் ஒட்டி என்டர் தட்டுங்கள். எந்தக் கிளை, அதாவது எந்த கிம்ப் வெர்ஷனுக்கானது வேண்டும் என்று எண் போட்டுக் கேட்கும். 2-40 என்று இருப்பது 2.10-க்கானது. உங்களுக்கு 3 என்று இருப்பதுதான். இதில் தப்பாக எண் கொடுத்தால் இன்ஸ்டால் ஆகும், பச்சை டிக்கும் விழும், மெனுவில் மட்டும் வராது, மறுபடி இதே கதைதான்.

கிம்ப்பை முழுசாக மூடிவிட்டுத் திறக்க வேண்டும். தொடங்கும்போதுதான் அது பிளகின்களைத் தேடும்.

கீழக்குயில்குடி:

பாஸ்போர்ட் பிளகினுக்கு நான் சொல்கிறேன் அண்ணே, நானே ஒன்றிரண்டு பைத்தான் பிளகின் எழுதியிருக்கிறேன். அந்த ஃபைலை ரைட் கிளிக் பண்ணி டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து முதல் பத்துப் பதினைந்து வரியைப் பாருங்கள். இம்போர்ட் என்ற சொல் வரும் வரியில் கிம்ப்ஃபியூ என்று இருந்தால் அது 2.10 காலத்தது, பைத்தான் 2-ல் எழுதியது. 3.0-வில் அது எந்த ஃபோல்டரில் போட்டாலும் ஓடாது, ஏனென்றால் 3.0 பைத்தான் 3-க்கு மாறிவிட்டது, பிளகின் எழுதும் முறையே வேறு. உங்கள் 2.10-விலும் ஓடாது. உபுன்டு 20.04-லிருந்தே கிம்ப்புக்கான பைத்தான் 2 பேக்கேஜை எடுத்துவிட்டார்கள், மின்ட் 22 உபுன்டு 24.04 மேல் கட்டியது. சந்தேகமாக இருந்தால் உங்கள் 2.10-ல் ஃபில்டர்ஸ் மெனுவில் பைத்தான்-ஃபூ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள், இருக்காது.

புதியதாக இருந்தால் ஆரம்ப வரிகளில் ஜிஐ என்று இரண்டெழுத்தும், கிம்ப் 3.0 வேண்டும் என்று ஒரு வரியும் இருக்கும். அதுதான் உங்களுக்கு ஆகும்.

ஃபைலை எங்கே போடுவது என்பதற்கு வீடியோவை நம்ப வேண்டாம், கிம்ப்பையே கேளுங்கள். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் கீழே ஃபோல்டர்ஸ், அதை விரித்தால் பிளக்-இன்ஸ். உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் இருக்கிற பாதை எது என்று அங்கே தெரியும், அதில்தான் போட வேண்டும். மறைந்த ஃபோல்டரைப் பார்க்க ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலோடு எச் அழுத்துங்கள்.

இன்னும் இரண்டு விஷயம், 3.0-வில் எல்லோரும் இடறுகிற இடம் இது. ஃபைலை பிளக்-இன்ஸ் ஃபோல்டரில் சும்மா போட்டால் கிம்ப் திரும்பிப் பார்க்காது. உள்ளே ஃபைலின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் ஃபைலை வைக்க வேண்டும். அடுத்து, ஃபைல் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ், அதில் இந்த ஃபைலை புரோகிராமாக ஓட்டலாம் என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், அதை டிக் பண்ணுங்கள். விண்டோஸில் இது தேவைப்படாது, அதனால் உங்கள் நண்பர் சொல்லியிருக்க மாட்டார். பென்டிரைவில் வைத்துக்கொண்டே டிக் போட்டால் நிற்காது, வீட்டு ஃபோல்டருக்குக் காப்பி பண்ணிவிட்டு அங்கே போடுங்கள்.

பிளகின் என்பதும் ஒரு புரோகிராம்தான், உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் அதனால் தொட முடியும், அழிக்கவும் முடியும். தெரியாத சைட்டிலிருந்து எடுக்காதீர்கள். பாஸ்வேர்ட் கேட்கிற பிளகினைக் கட்டாயம் போடாதீர்கள், வீட்டு ஃபோல்டரில் வைக்கிற பிளகினுக்கு பாஸ்வேர்டுக்கு வேலையே இல்லை.

சிம்மக்கல் டிடிபி:

ஜிமிக் வந்துவிட்டால் அந்தப் படத்துக்கு எப்படிப் பயன்படுத்துவது என்று நான் எழுதுகிறேன். 20 வருஷத்துக்கு மேலாக இந்த வேலைதான், நினைவு நாள் படம் மட்டும் எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

கருப்பு வெள்ளை ஸ்கேன் கிரேஸ்கேலில் இருக்கும். முதலில் இமேஜ் மெனுவில் மோட் போய் ஆர்ஜிபி, அதாவது கலர் மோட் ஆக்குங்கள். இதைச் செய்யாமல் சிவப்பை எடுத்துத் தீட்டினால் சாம்பலாகத்தான் விழும், ஃபில்டர் எதையும் கண்டுபிடிக்காது. நானே ஒரு நாள் முழுக்க இதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம் லேயரை டூப்ளிகேட் பண்ணிக்கொண்டு, மேல் லேயரில் சுத்தமான சிவப்பில், அதாவது சிவப்பு 255, பச்சை 0, நீலம் 0, கீறல் மேலும் பூஞ்சைப் புள்ளி மேலும் தீட்டுங்கள். பிரஷ் வேண்டாம், பென்சில் டூல். பிரஷ்ஷின் ஓரம் மங்கலாக இருக்கும், அந்த ஓரம் ரோஸ் கலரில் அப்படியே தங்கிவிடும். ஜிமிக்கைத் திறந்து ரிப்பேர் பகுதியில் இன்பெயின்ட் என்று தொடங்குகிறவற்றில் மல்டி-ஸ்கேல் அல்லது பேட்ச்-பேஸ்டு எடுங்கள். சிவப்பு உள்ள இடத்தைச் சுற்றிலும் என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து நிரப்பிவிடும். பேட்ச்-பேஸ்டு நேரம் எடுக்கும், உங்களிடம் 4 ஜிபிதான் என்பதால் படத்தைப் பகுதி பகுதியாகச் செலக்ட் பண்ணிச் செய்யுங்கள். பிரான்ஸில் கான் (Caen) நகரத்து ஆராய்ச்சிக் கூடத்தில் 2008-லிருந்து இதை உருவாக்கிக்கொண்டு வருகிறார்கள், காசு வாங்காமல் கொடுக்கிறார்கள், திரைச்சீலை மடிப்பை அது நிரப்புகிற அழகைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

ஆனால் அண்ணே, முகத்தில் மட்டும் இதை ஓட்டாதீர்கள். கண், மூக்கு, உதடு, மூக்குத்தி எதிலும் வேண்டாம். சுற்றி இருப்பதைப் பார்த்து நிரப்புகிறதே தவிர அந்த அம்மா எப்படி இருந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. கண் ஓரத்தில் ஒரு சின்ன நிழல் மாறினாலும் ஆள் மாறிப்போகும், பிள்ளைகள் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள், அந்த நிலை நமக்கு வேண்டாம். முகத்தை ஹீல் டூல், குளோன் டூல் இரண்டையும் வைத்து, 200 பெர்சென்ட் பெரிதாக்கி, கையால் செய்யுங்கள். ஒரு கண் கெட்டுப்போயிருந்தால் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள்.

உசிலம்பட்டி ஸ்டுடியோ:

அக்கா, நீங்கள் சொன்னது மனசில் பதிந்துவிட்டது. முகத்தைத் தொடவில்லை.

ஜிமிக் வந்துவிட்டது! கிளை கேட்டபோது 3 கொடுத்தேன். திரைச்சீலையும் நாற்காலியும் முடிந்தது. கண்ணாடிக்கு மேலே வைத்த சந்தனம் கீழே வழிந்து ஒரு கோடு நெற்றியிலிருந்து சேலைக் கரை வரைக்கும் இருந்தது, கழுத்துக்குக் கீழே உள்ளது பூராவும் போய்விட்டது, சேலைக் கட்டம் ஒன்று மட்டும் வளைந்து வந்தது, அதை குளோனில் சரிபண்ணிக்கொண்டேன்.

பாஸ்போர்ட் ஃபைலில் கிம்ப்ஃபியூ என்றுதான் இருந்தது. நண்பரிடம் கேட்டேன், அவர் இப்போது 3.0-வில் ஓட்டுகிற புதுசை மெயிலில் அனுப்பினார். அதில் ஜிஐ இருக்கிறது. பிளக்-இன்ஸ் உள்ளே பாஸ்போர்ட்8 என்று ஃபோல்டர் போட்டேன், ஃபைலை உள்ளே வைத்தேன், டிக் போட்டேன், அப்படியும் வரவில்லை தம்பி. டவுன்லோட் ஆகவில்லையோ என்று இரண்டு தடவை வேறு இறக்கினேன்.

கீழக்குயில்குடி:

இரண்டு தடவை இறக்கினேன் என்கிறீர்களே, அங்கேதான் இருக்கும். ஃபைலின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று இருக்கிறதா பாருங்கள். ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் பிரவுசர் தானாக அப்படி ஒட்டிவிடும். ஃபோல்டர் பாஸ்போர்ட்8, ஃபைல் பாஸ்போர்ட்8 அடைப்பில் 1 என்றால் இரண்டும் ஒன்றில்லை, கிம்ப் தள்ளிவிடும். பெயரை மாற்றுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும், லினக்ஸில் பெரிய பி வேறு, சின்ன பி வேறு.

அதற்கும் வராவிட்டால் கிம்ப்பை டெர்மினலிலிருந்து வெர்போஸ் என்ற ஆப்ஷனோடு திறந்தால் ஒவ்வொரு பிளகினாகப் படிப்பதை எழுதிக்காட்டும், அதில் உங்கள் ஃபைல் வரும் வரியை இங்கே ஒட்டுங்கள்.

உசிலம்பட்டி ஸ்டுடியோ:

ஒட்டத் தேவையில்லை தம்பி. அடைப்பில் 1-தான். பெயரை மாற்றித் திறந்தேன், வந்துவிட்டது, சற்றுமுன் ஸ்கூல் பிள்ளை ஒருத்திக்கு எட்டுப் படம் அடுக்கி பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பழைய 2.10-ஐ எடுத்துவிடலாமா?

வைகை வடகரை:

எடுத்துவிடுங்கள் அண்ணே, சிஸ்டம் பேக்கேஜ் கிம்ப்பையும் அதற்குப் போட்ட ஜிமிக்கையும் சாஃப்ட்வேர் மேனேஜரிலேயே ரிமூவ் பண்ணலாம், 3.0-வுக்கு ஒன்றும் ஆகாது. ஞாயிறு முடிந்த பிறகு எடுங்கள், கையில் வேலை இருக்கும்போது எதையும் கழற்ற வேண்டாம்.

உசிலம்பட்டி ஸ்டுடியோ:

சரி, அப்படியே செய்கிறேன். அவர் மகன் நாளை காலை கடைக்கு வருகிறார், இடது கண் பக்கம் அவரை வைத்துக்கொண்டுதான் செய்யப்போகிறேன்.