பிரேக் ஆயில் மாற்றுவதற்கு எஸ்டிமேட்டில் இரண்டு வரி: கொடுக்கலாமா?

சாலைக்கணக்கு:
சின்ன ஹேட்ச்பேக், வாங்கி மூன்று வருஷம், 24,000 கி.மீ. சர்வீஸ் எஸ்டிமேட்டில் "பிரேக் ஃப்ளூயிட் 1 லிட்டர்" ஒரு வரி, "ப்ளீடிங் லேபர்" (பழைய ஆயிலை லைனிலிருந்து வெளியேற்றும் கூலி) தனியாக ஒரு வரி. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது, ஆயில் டப்பாவில் அளவு மேக்ஸ் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. இது அவசியமா? அவசியம் என்றால், உண்மையிலேயே மாற்றினார்களா என்று எப்படிப் பார்ப்பது?

எட்டாம் நம்பர் ஸ்பானர்:
அவசியம்தான். பெரும்பாலான மேனுவலில் 2 வருஷத்துக்கு ஒரு தடவை என்று இருக்கும், உங்களுடையதைப் பாருங்க. கி.மீ. கம்மி என்பது இங்கே செல்லாது. வண்டி சும்மா நின்றாலும் இந்த ஆயில் ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; 3.7% தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். டாட் 3 என்றால் 205, 140.

ஊருக்குள் ஓட்டும்வரை வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் காலிப்பருக்குள் (வீலில் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) ஆயில் கொதித்து, நீராவிக் குமிழ் உண்டாகும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். பெடல் தரை வரைக்கும் போகும். ஆறினதும் பிரேக் பழையபடி பிடிக்கும் என்பதால் ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது குறையே இருக்காது, அதுதான் வம்பு.

அளவு கொஞ்சம் இறங்கியிருப்பது பெரும்பாலும் பேட் தேய்மானம். அதற்காக டாப்-அப் செய்யாதீங்க; புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வழிந்து பெயிண்ட்டை உரித்துவிடும். மினிமம் கோட்டுக்கும் கீழே போனால் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிவா என்று பார்க்கணும்.

கராஜ்வாசி:
ஏமாற்று நடக்கும் இடம் ஒன்றுதான்: சிரிஞ்சில் டப்பாவை உறிஞ்சிவிட்டுப் புதுசை ஊற்றி, முழு மாற்றத்துக்கும் பில் போடுவது. லைனிலும் காலிப்பரிலும் பழசு அப்படியே நிற்கும், சூடேறுவதோ அங்கேதான்.

முறையான வேலை: டப்பாவைக் காலி செய்து புதுசு ஊற்றி, நான்கு வீலிலும் ப்ளீடர் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) உள்ளே தெரிகிற டியூப் மாட்டி, ஒருவர் பெடலை மெதுவாக மிதிக்க, இன்னொருவர் திறந்து மூட, தெளிவான ஆயில் வரும்வரை எடுப்பது. நிப்பிளை மூடின பிறகுதான் பெடலிலிருந்து கால் எடுக்கணும், இல்லாவிட்டால் காற்றை உள்ளே இழுக்கும். நம்ம ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் வழக்கமாகப் பின் இடது வீலில் தொடங்குவார்கள். மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுதான் சரி. நடுவில் டப்பா வற்றவே கூடாது.

வண்டியை எடுக்கும்போது நான்கு நிப்பிளையும் டார்ச் அடித்துப் பாருங்க. நாலிலும் பழைய தூசி கலையாமல் இருந்தால் லேபர் வரியை அடிக்கச் சொல்லலாம். காலி பாட்டிலையும் கேளுங்க. சின்ன காருக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை செலவாகும், அதனால் உங்கள் எஸ்டிமேட் அளவில் தப்பில்லை. சீல் உடைக்காத பாட்டிலா, விலை எம்ஆர்பிக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்க. ஏற்கெனவே திறந்து வைத்த டின் வேண்டவே வேண்டாம்.

சாலைக்கணக்கு:
நன்றி சார். டாட் 4-க்குப் பதில் "டாட் 5 போட்டால் இன்னும் நல்லது, விலைதான் கூட" என்கிறார்கள். ஏபிஎஸ்ஸுக்கு ஸ்கேனர் சார்ஜ் வேறு கேட்கிறார்கள்.

கராஜ்வாசி:
டாட் 5 சிலிகான், மற்றதோடு சேராது, ஏபிஎஸ் வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு சரக்கு, அது டாட் 4-ஓடு கலக்கும். டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அது போதும். ஸ்கேனர், ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்தால் தேவைப்படும். வெறும் ஆயில் மாற்றத்துக்குப் பெரும்பாலும் வேண்டாம். எதற்கு என்று காரணம் கேட்டுவிட்டுக் கொடுங்க.

எட்டாம் நம்பர் ஸ்பானர்:
ஒன்று விட்டுப்போச்சு. ஹைட்ராலிக் கிளட்ச் இருந்து அதுவும் இதே டப்பாவில் குடித்தால், கிளட்ச் நிப்பிளையும் ப்ளீட் செய்யச் சொல்லுங்க. பலரும் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள்.