சிகிச்சைக்குப் பிறகும் பைலோரி பாசிட்டிவ்: கிருமி அழியவில்லையா?

கேள்வி: ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமியின் தொற்றுக்கு 14 நாள் சிகிச்சையை முடித்து ஆறு வாரங்கள் கடந்த என் தாயாருக்கு, இரத்த எதிர்ப்பொருள் பரிசோதனை மீண்டும் பாசிட்டிவ் என வந்துள்ளது. அதே மாத்திரைகளை மறுபடியும் தொடங்க வேண்டுமா?

மறுமொழி 1: அந்த முடிவை மட்டும் வைத்துத் தொடங்க வேண்டாம். கிருமி ஒழிந்த பின்னரும், அதை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுக்கணக்கில்கூட, இரத்தத்தில் தங்கியிருக்கும் என்பதால், சிகிச்சை பலித்ததா என்பதை அந்தப் பரிசோதனையால் சொல்ல முடியாது. கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் யூரியா மூச்சுப் பரிசோதனை அல்லது மல ஆன்டிஜென் (மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும்) பரிசோதனையே சரி. மருந்து முடிந்து குறைந்தது 4 வாரங்கள் ஆகியிருக்க வேண்டும், உங்கள் தாயாருக்கு அது ஆகிவிட்டது.

மறுமொழி 2: பலர் தவறவிடும் ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை மருத்துவரின் ஒப்புதலோடு இந்தப் பரிசோதனைகளுக்கு 2 வாரங்களுக்கு முன்பே நிறுத்தாவிட்டால், கிருமி இருந்தும் நெகட்டிவ் என வரக்கூடும். என் தந்தைக்கு அப்படித்தான் நேர்ந்தது. வீணாகச் சில மாதங்கள் வலியில் கழிந்தன.

மறுமொழி 3: தொற்று உண்மையிலேயே எஞ்சியிருந்தால், முதல் முறை கிளாரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தார்களா என்று பழைய மருந்துச் சீட்டைப் பாருங்கள். தப்பிய கிருமி அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், மருத்துவர்கள் பெரும்பாலும் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமிலக் குறைப்பு மருந்து ஆகிய நான்கும் சேர்ந்த சிகிச்சைக்கு மாறுவார்கள்.

கேள்வி கேட்டவர்: சீட்டில் கிளாரித்ரோமைசின் இருக்கிறது. மூச்சுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் நாளையே பேசுகிறேன், மிக்க நன்றி.