குடும்பக் குழு: பெரியப்பாவின் முதுகு

பெரியம்மா: நாளைக் காலை இவருக்கு ஆஸ்டியோபதி மருத்துவரிடம், அதாவது தசையையும் மூட்டையும் கையால் அசைத்துச் சிகிச்சை செய்பவரிடம், நேரம் வாங்கியிருக்கிறேன். குனிந்தால் நிமிர முடியவில்லை. கூட யார் வருகிறீர்கள்?

சித்தப்பா: பீரோவைத் தூக்கினாரா?

பெரியப்பா: தூக்கவில்லை. நகர்த்தினேன்.

அத்தை: அம்மாவின் பீரோவையா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

முரளி: எலும்பு விலகியிருக்கும். ஒரே சொடுக்கில் உட்கார்ந்துவிடும்.

கவிதா: முள்ளெலும்பு அப்படி விலகுவதில்லை, முரளி. அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. மருத்துவர் அசைவைத்தான் முதலில் பார்ப்பார். குனி, நிமிர், சாய், திரும்பு என்பார். பிறகு தானே அசைத்து, எந்தப் பக்கம் எளிதாகப் போகிறது, எங்கே முன்கூட்டியே தடை தட்டுகிறது என்று விரலால் உணர்வார்.

கவிதா: இன்னொன்று. சாய்வும் திருகலும் சேர்ந்தே வரும். 1918இல் ஆஸ்டியோபதி மருத்துவர் ஹாரிசன் ஃபிரையெட் வகுத்த விதிப்படி, மார்பு, இடுப்புப் பகுதி முதுகெலும்பு இயல்பு நிலையில் இருந்தால் சாய்வு ஒரு பக்கம், திருகல் எதிர்ப்பக்கம். குனிந்தோ பின்னால் வளைந்தோ இருந்தால் தனி முள்ளெலும்பில் இரண்டும் ஒரே பக்கம். எல்லா முதுகும் இதற்கு அடங்குவதில்லை. அதனால்தான் ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அத்தை: நீளம்.

பெரியப்பா: நான் படித்தேன். இடுப்பைத் திருப்பித்தான் தள்ளினேன்.

கவிதா: இடுப்புப் பகுதி முள்ளெலும்புகள் ஐந்தும் திருகுவதற்கு ஏற்றவை அல்ல, பெரியப்பா. ஒவ்வொன்றும் ஓரிரு பாகைதான் திரும்பும். உடல் திரும்புவது பெரும்பாலும் மார்புப் பகுதியாலும் தொடை மூட்டாலும். அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தப்பா: என் கழுத்தும் இடப்பக்கம் திரும்பவில்லை. சேர்த்துக் காட்டிவிடலாமா?

அத்தை: எதிலும் உனக்கு ஒரு பங்கு வேண்டும்.

சித்தப்பா: பங்கைப் பற்றி நீ பேசாதே, அக்கா.

பெரியம்மா: வலது கால் மரத்துப்போகிறது என்கிறார்.

கவிதா: இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா! சிறுநீர் அடைபடுகிறதா? கட்டுப்பாடில்லாமல் போகிறதா? தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைந்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் இப்போதே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பெரியப்பா: எதுவும் இல்லை. பெருவிரல் பக்கம் மட்டும் மரத்திருக்கிறது.

கவிதா: அந்த விரலை மேலே தூக்குங்கள். அத்தை கையால் அழுத்தட்டும்.

பெரியம்மா: அத்தை இங்கே இல்லை. நான் அழுத்தினேன். இடதைவிட வலு குறைவு.

கவிதா: அப்படியானால் முதலில் நரம்பியல் பரிசோதனை. அது முடியும்வரை யாரும் முதுகை முறுக்கக் கூடாது. வலு இன்னும் குறைந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம்.

முரளி: என் வண்டி பழுதாகி நிற்கிறது.

சித்தப்பா: நான் 8 மணிக்குள் வரப் பார்க்கிறேன்.

பெரியம்மா: பார்க்கிறேன் என்றால்? வாங்கிய நேரத்தை ரத்து செய்வதா, வேண்டாமா?

பெரியப்பா: வேண்டாம்.

கவிதா: பெரியம்மா, அழைக்கிறேன், எடுங்கள்.