ஏற்காட்டு ஷெட்டில் ஒரு ஃபியட் 124 ஸ்பைடர்: அசலாகவே மீட்பதா, இன்ஜினை மாற்றி ஓட்டுவதா?

மலைப்பாதை20

பத்து நாளாகச் சரியான தூக்கம் இல்லை. உங்களிடமே கேட்டுவிடுகிறேன்.

ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் ஒரு காபித் தோட்டம். அங்கே காபிப் பழத்தைத் தோலுரிக்கிற பல்ப்பர் ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு ஒரு கார் நிற்கிறது. பழைய பிரீமியர் பத்மினி காராக இருக்கும் என்றுதான் தூக்கிப் பார்த்தேன். ஃபியட் 124 ஸ்போர்ட் ஸ்பைடர்! 1972 மாடல், 1608 சிசி. பானட்டில் இரண்டு திமில், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஐந்து கியர், இடது பக்கம் ஸ்டியரிங். தோட்டத்துப் பெரியவர் எழுபதுகளின் கடைசியில் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலத்தில் எடுத்தாராம். தூதரகத்துக்காரர்கள் ஊர் திரும்பும்போது விட்டுப்போகிற வண்டிகள் அப்போது அந்த வழியாகத்தான் வெளியே வரும். அவர் காலமாகிப் பதினெட்டு வருஷம். வண்டி அதற்கு முன்பே நின்றுவிட்டது. மகன் ஆறரை லட்சம் சொல்கிறார்.

இன்ஜின் ஜாம். ஒயரிங்கை எலி தின்றிருக்கிறது. கூரைத்துணி தொட்டால் உதிர்கிறது. ஆனால் டேஷ்போர்டு மரமும் மீட்டர்களும் வைத்தது வைத்தபடி இருக்கின்றன.

வண்டிக்குக் கொடுத்தது போக எட்டு லட்சம் மிஞ்சும். அந்தப் பணத்தில் அசல் இன்ஜினையே மீட்பதா, இங்கே கிடைக்கிற புது இன்ஜின் ஒன்றை இறக்கிவிடுவதா? அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இந்த வண்டியில் ஏறி இறங்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் ஆசை.

குப்பனூர்_ரோடு

இன்ஜினை மாத்துங்க தம்பி. எங்க அப்பா பத்மினியை ஆறு வருஷம் ஒரிஜினலாவே வச்சிருந்தேன். ஏப்ரல் மாசத்துல பஸ் பின்னாடி முதல் கியர்லயே ஏறினா பத்தாவது வளைவு தாண்டறதுக்குள்ள கொதிச்சிடும். பொண்டாட்டி பிள்ளைங்களை வர்ற பஸ்ல ஏத்தி அனுப்பிட்டு, நான் பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நின்ன நாள் எத்தனையோ. புது இன்ஜின் போட்ட பிறகுதான் அந்த வண்டியில குடும்பம் முழுசா மலை ஏறுச்சு. அப்பாவோட வண்டி ஓடுதுங்கறதுதான் எனக்கு முக்கியம், உள்ளே எந்த இன்ஜின் இருக்குதுங்கறது இல்ல.

அதோட, நம்ம பிரீமியர் 118என்இ கார் கூட இதே ஃபியட் 124 தானே? அந்த சாமான் இங்கேயே கிடைக்குமே.

அசல்_மட்டும்

மேலே நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. 118என்இ வண்டிக்கு ஃபியட் 124 செடானின் உடம்பு. இன்ஜினும் கியர்பாக்ஸும் நிஸ்ஸான், 1171 சிசி ஏ12. ஸ்பைடருக்கு இன்ஜின் சாமான் அதிலிருந்து ஒன்றுகூட வராது. சக்கர இடைவெளியே வேறு: செடான் 2420 மில்லிமீட்டர், ஸ்பைடர் 2280. முன் சஸ்பென்ஷனில் சில உருப்படிகள் ஒத்துப்போகலாம். பழையதைக் கையில் எடுத்துப்போய் அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள்.

மலைப்பாதை, ஒன்று யோசியுங்கள். உடம்பை வரைந்தது பினின்ஃபரினா. ஆனால் அந்த வண்டியின் உயிர் அதன் இன்ஜின். அதை வடிவமைத்த ஆரேலியோ லாம்ப்ரெடி, ஃபெராரிக்கு வி12 இன்ஜின்கள் செய்துவிட்டு ஃபியட்டுக்கு வந்தவர். வால்வுகளைத் திறந்து மூடுகிற இரட்டை கேம்ஷாஃப்டை ரப்பர் பல் பெல்ட்டால் ஓட்டும் இன்ஜினை, பெருமளவில் தயாராகும் காரில் 1966லேயே கொடுத்தார்கள். வால்வு இடைவெளி சரிசெய்யக் கேம்ஷாஃப்டைக் கழற்ற வேண்டாம், மேலேயே ஷிம் என்கிற சின்னத் தகட்டை மாற்றலாம். 124 ஸ்பைடரின் ராலி வண்டிகள் 1972லும் 1975லும் ஐரோப்பிய ராலி சாம்பியன்ஷிப் ஜெயித்தது இந்த இன்ஜின் குடும்பத்தை வைத்துத்தான். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்றைய ஹேட்ச்பேக் இன்ஜினை வைத்தால் மிஞ்சுவது ஸ்பைடரின் தோல் மட்டும்.

சட்டமும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை வி.ஏ. வரிசை எண்ணில் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000. ஆனால் சேசிஸ், உடம்பு, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்ஜினை மாற்றிய அன்றே அந்த வாசல் மூடிவிடும்.

குப்பனூர்_ரோடு

அதே விதியை முழுசாச் சொல்லுங்க சார். விண்டேஜ் எண் வாங்கினா கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இதுக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம். வழக்கமா ஓட்ட அனுமதி கிடையாது. தம்பி கேட்டது மலை ஏறி இறங்க. ஞாயித்துக்கிழமை காலைல அண்ணா பூங்கா வரைக்கும் போய் ஒரு காபி குடிச்சுட்டு வரக்கூட முடியாத வண்டிக்கு எதுக்கு அந்த எண்?

அசல்_மட்டும்

நியாயமான கேள்வி. வி.ஏ. எண் கட்டாயம் இல்லை. சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் பெட்ரோல் காருக்குப் பதினைந்து வருஷத் தடை ஏதும் இல்லை. ஆனால் வேறு இன்ஜின் வைத்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இடது ஸ்டியரிங் வண்டிக்கு வேலை செய்கிற சிக்னல் கருவி இருந்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம், அந்த ஒயரிங்கை முதலில் பாருங்கள்.

பிறகு ஆர்.சி. யார் பெயரில்? பெரியவர் பெயரிலேயே இருந்தால் முதலில் படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற வேண்டும். அதற்கப்புறம்தான் உங்கள் பெயருக்கு மாற்றுகிற படிவம் 29, 30. அதற்கு முன் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

செவ்வாப்பேட்டை_பட்டறை

ரெண்டு பேரும் இன்ஜினைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. நான் முப்பத்தி நாலு வருஷமா டிங்கரிங் பண்றவன். லாரி கேபின்ல ஆரம்பிச்சு கார் வரைக்கும். இன்ஜின் எவ்வளவு கெட்டாலும் செஞ்சுடலாம் தம்பி. நம்ம ஊர் லேத்துல ஆகலேன்னா கோயமுத்தூர்ல ஆகும். போர் போடலாம், ஸ்லீவ் போடலாம், பிஸ்டன் வரவழைக்கலாம். தகடு போச்சுன்னா வண்டியே போச்சு.

இது கூரை இல்லாத வண்டி. லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது, அடித்தகடும் கதவுக்குக் கீழே முன்னயிருந்து பின்ன வரைக்கும் ஓடற பெட்டித் தகடும்தான் வண்டியைத் தாங்குது. அது துரு ஏறினா நடுவுல தொய்யும். இந்த மாடல்ல அடுத்து உக்கற இடம், பானட்டுக்குள்ள முன் ஷாக் அப்சார்பர் வந்து மாட்டற கோபுரம். சேறு கீழேயிருந்து போய் அடைஞ்சு உள்ளேயிருந்தே தின்னும். மேல பார்த்தா பெயின்ட் பளபளன்னு இருக்கும்.

நான் சொல்றபடி பாருங்க. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில சுத்தி கதவு அடி, சக்கர வளைவு எல்லாம் ஓட்டுங்க. ஒட்டாத இடம் பட்டி பூசி மறைச்ச இடம். பிறகு ஸ்பேனர் பிடியால தட்டுங்க. நல்ல தகடு கணீர்ங்கும், உக்கினது பொத்துங்கும். சந்தேகம் வந்த இடத்துல ஸ்குரூ டிரைவரை வச்சு அழுத்துங்க, உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு. கடைசியா கதவுக்கு அடியில ஜாக்கி வச்சுத் தூக்கி, கதவுக்கும் பின் தகட்டுக்கும் நடுவுல உள்ள சந்து எவ்வளவுன்னு பாருங்க. சந்து குறைஞ்சுதுன்னா வண்டி முதுகெலும்பு போச்சு.

இதெல்லாம் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

காபிப்பூ

எங்களுக்கும் மேலே தோட்டம் இருந்தது, அதனால் எழுதுகிறேன். அந்தப் பெரியவர் வீட்டார் யாரென்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இன்ஜின் சண்டையில் நான் வரவில்லை. பெயின்டைப் பற்றி மட்டும். எங்கள் அப்பாவின் ஃபியட் 1100ஐ விற்ற பிறகு வாங்கியவர் முழுக்கச் சுரண்டிப் புதுசாகச் சிவப்பு அடித்தார். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. ஆனால் சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் அந்த வண்டி என்னைத் தாண்டிப் போனபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நம்பரைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் அப்பா முழங்கையை வைத்து வைத்துப் பெயின்ட் தேய்ந்து, அடியில் இருந்த ப்ரைமர் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். நான் சின்ன வயதில் பின் சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வருவேன். அது இருந்த இடத்தில் கண்ணாடி மாதிரி சிவப்பு.

உங்கள் ஸ்பைடரிலும் அப்படி ஏதாவது இருக்கும். சுரண்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள், தம்பி.

அசல்_மட்டும்

அம்மா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் அசல் என்று சொல்வது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது இருந்த நிலையை. உதிர்ந்த பெயின்டை அப்படியே விட்டால் ஏற்காட்டு மழையில் இரண்டே வருஷத்தில் துரு மேலே வந்துவிடும். அசல் கலர் குறியீட்டைக் கண்டுபிடித்து முழுசாக அடிப்பதே முறை.

காபிப்பூ

ஐயா, தொழிற்சாலையில் அந்த வண்டி இருந்தது சில வாரம். மலையில் இருந்தது நாற்பது வருஷத்துக்கு மேல். எது அசல் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள், நான் வேறு மாதிரி முடிவு செய்கிறேன்.

மலைப்பாதை20

நேற்று மறுபடி போனேன். பட்டறை அண்ணா சொன்னபடி எல்லாம் பார்த்தேன்.

வலது கோபுரம் கணீர். இடது கோபுரத்தில் ஸ்குரூ டிரைவர் முனை வைத்தேன், நான் அழுத்தவே இல்லை, அப்பளத்தில் விரல் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது. எடுத்தபோது ஓட்டையிலிருந்து ஈர மண்ணும் காபித் தொலியும் கொட்டியது. ஏன் ஒரு பக்கம் மட்டும் என்று நிமிர்ந்து பார்த்தால், வண்டியின் இடது பக்கத்துக்கு நேர் மேலே ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் உடைந்திருக்கிறது. இத்தனை வருஷ மழையும் தார்ப்பாயின் அந்த மூலையில்தான் இறங்கியிருக்கிறது.

இடது கதவு அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. இடது கால் வைக்கிற இடத்தில் அடித்தகடு இல்லை, மிதியடியைத் தூக்கினால் தரை தெரிகிறது. ஜாக்கி வைத்தபோது இடது கதவுச் சந்து கொஞ்சம் குறைந்தது. கதவு திறந்து மூடியது. வலது பக்கம் அசையவில்லை.

அக்கா, நீங்கள் சொன்னதையும் பார்த்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் முழங்கைத் தேய்மானம் இடது கதவில். இருக்கிறது.

செவ்வாப்பேட்டை_பட்டறை

அப்ப வண்டி சாகலை. ஒரு பக்கம்தான் அடி வாங்கியிருக்கு, இன்னொரு பக்கம் அளவு எடுக்க நல்லதா இருக்கு. அது பெரிய விஷயம். வலது கோபுரத்தை அச்சு மாதிரி வச்சு இடது பக்கம் செய்யலாம்.

ஆனா ஒண்ணு. கதவு வாசல்ல குறுக்கே இரும்பு ஆங்கிள் வச்சு வெல்டிங் பண்ணிப் பிடிச்ச பிறகுதான் கதவு அடித் தகட்டை வெட்டணும். நான் கத்துக்கிட்ட காலத்துல ஒரு கன்வர்ட்டிபிள் வண்டியில அப்படிப் பிடிக்காம ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல வெட்டினேன். சாயங்காலம் கதவு மூடலை. அதை நிமிர்த்த மூணு மாசம் ஆச்சு. இன்னைக்கும் மனசுல இருக்கு. உங்க வண்டியை யார் செஞ்சாலும் இதைக் கேட்டுட்டு விடுங்க.

தகடு வேலைக்கு மட்டும் மூணு லட்சம் ஒதுக்குங்க. சிஓடூ வெல்டிங்தான், கேஸ் வச்சா தகடு நெளியும். பெயின்ட் விஷயத்துல அந்த அம்மா சொல்றது செய்ய முடியும். வெல்டிங் சூடு படற இடம் பானட்டுக்கு அடியில கோபுரத்துப் பக்கமும் கதவுக்குக் கீழேயும்தான். அங்கே மட்டும் அடிச்சுட்டு, கதவு, பானட், டிக்கி தொடாம விடலாம்.

குப்பனூர்_ரோடு

மூணு லட்சம் தகடுக்குப் போனா மிச்சம் அஞ்சு. ஒயரிங், கூரைத்துணி, பிரேக், டயர் போக இத்தாலி இன்ஜினுக்கு என்ன இருக்கும்? சாமான் வெளிநாட்டுல இருந்து வரணும், சுங்க வரி வேற. நடுவழியில பணம் தீர்ந்து பட்டறை மூலையிலே நிக்கற வண்டிங்க சேலத்துல எத்தனைன்னு பட்டறைக்காரரே சொல்லட்டும்.

செவ்வாப்பேட்டை_பட்டறை

உண்மைதான். என்கிட்டயே ரெண்டு நிக்குது.

அசல்_மட்டும்

பணக்கவலை சரியே. ஆனால் இந்த வண்டிகள் பெரும்பாலும் அமெரிக்காவில்தான் விற்றன, அதனால் ஸ்பேர் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. இன்ஜினைத் திறந்து பார்க்காமலே அது செலவு என்று எப்படித் தீர்மானிப்பது? பிளக்கைக் கழற்றி, ஓட்டைகளில் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஸ்டார்ட்டர் வேண்டவே வேண்டாம்.

டைமிங் பெல்ட் பழசு, அதை நம்பி ஓட்டாதீர்கள். புது பெல்ட் போடும்போது மேலே உள்ள இரண்டு கேம் புல்லி மட்டும் குறியில் இருந்தால் போதாது. பக்கத்தில் ஆக்ஸிலரி ஷாஃப்ட் புல்லி ஒன்று உண்டு. பெட்ரோல் பம்பைத் தள்ளுகிற மேடு அந்த ஷாஃப்டில்தான். அது இடம் மாறி உட்கார்ந்தால் இரண்டாவது கனெக்டிங் ராடு வந்து இடிக்கும். பத்மினி பழகிய மெக்கானிக்குகள் அதைக் கவனிக்காமல் விட வாய்ப்பு அதிகம்.

பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அந்தக் கால ரப்பர் தாங்காது.

மலைப்பாதை20

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மகனைக் கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டினேன். உடைந்த ஷீட்டை அவரும் அன்றுதான் பார்த்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. நாலே முக்கால் லட்சத்துக்கு முடிந்தது. படிவம் 31 கொடுத்தாயிற்று, பெயர் மாறிய பிறகுதான் பாதிக்கு மேல் பணம். ஏலத்தில் எடுத்த காகிதம் பெரியவரின் பீரோவில் பத்திரமாக இருந்தது.

பிளக் ஓட்டைகளில் எண்ணெய் விட்டு தினமும் சாயங்காலம் ஸ்பேனர் போட்டேன். எட்டு நாள் கல் மாதிரி. ஒன்பதாம் நாள் லேசாக ஒரு கட்டை விரல் அகலம் நகர்ந்தது. திரும்பப் பின்னால் இழுத்தேன், வந்தது. பன்னிரண்டாம் நாள் முழுச் சுற்று, எங்கேயும் இடிக்கவில்லை. ஒரு பிளக் ஓட்டை வழியாகப் புஸ்ஸென்று கறுப்பு எண்ணெய் என் சட்டையில் அடித்தது. அந்தச் சட்டையை இன்னும் துவைக்கவில்லை.

அதனால் இன்ஜின் அசலே. இடது கதவின் பெயின்டைத் தொடப்போவதில்லை, அக்கா.

அசல்_மட்டும்

கதவு விஷயத்தில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இன்ஜினுக்கு மகிழ்ச்சி. அந்த முழுச் சுற்று உங்களுக்குக் கொடுத்ததைப் புது இன்ஜின் கொடுத்திருக்காது.

குப்பனூர்_ரோடு

சந்தோஷம் தம்பி, மனசாரச் சொல்றேன். ஆனா என் கருத்து மாறலை. அடுத்த ஏப்ரல்ல, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, பஸ் பின்னாடி ஏத்திட்டு வந்து எழுதுங்க. இறங்கும்போது ரெண்டாவது கியரை விடாதீங்க, ஊறின பழைய பிரேக் ஹோஸை நம்பி இறங்காதீங்க.

மலைப்பாதை20

எல்லா ஹோஸும் புதுசு ஆர்டர் போட்டாயிற்று அண்ணா. ரேடியேட்டரைக் கழற்றி கோர் மாற்றக் கொடுத்துவிட்டேன், ஃபேன் ஸ்விட்சும் மாற்றுகிறேன். ஏப்ரலில் எட்டாவது வளைவில் நீங்களும் வந்து நில்லுங்கள்.

பட்டறை அண்ணா, வண்டியை லாரியில் ஏற்றி இறக்க வேண்டும். வியாழக்கிழமை இடம் இருக்குமா?

செவ்வாப்பேட்டை_பட்டறை

வெள்ளிக்கிழமை கொண்டு வாங்க. இறக்கறதுக்கு முன்னாடியே கதவு வாசலுக்கு ஆங்கிள் வெட்டி வச்சிருக்கேன்.