சன்ரைஸ் (1927): எந்தப் பிரதி, எந்த வேகம்?

நிழல்சுருள்:
வணக்கம். இயக்குநர் முர்னாவின் 'சன்ரைஸ்' படத்தை ஒரு சிறிய அரங்கில் திரையிடப் போகிறோம். 94 நிமிடப் பிரதி ஒன்றும், செக் மொழி எழுத்து அட்டைகளுடன் (காட்சிகளுக்கிடையே வசனம் காட்டுபவை) 79 நிமிடப் பிரதி ஒன்றும் இருக்கின்றன. எதைப் போடலாம்? மௌனப்படம் என்பதால் வேகத்தை நொடிக்கு 18 ஃபிரேமுக்குக் குறைக்க வேண்டுமா? ஓட்டிப் பார்த்ததில் தலைகள் வேறு வெட்டுப்படுகின்றன.

கத்தரிமேசை:
வேகத்தில் கை வைக்காதீங்க. பேச்சு இல்லையே தவிர, இது ஒலித்தடத்தோடு வந்த படம். ஃபிலிமிலேயே ஒலியைப் பதியும் மூவிடோன் முறையில் நொடிக்கு 24 ஃபிரேம்தான். 18-ல் ஓட்டினால் 94 நிமிடம் 125 ஆகும், இசையும் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

தலை வெட்டுப்படுவதும் அந்த ஒலித்தடத்தால்தான். ஃபிலிம் ஓரத்தை அது பிடித்துக்கொண்டதால் படச்சட்டம் கிட்டத்தட்ட சதுரம், அகலத்துக்கு உயரம் 1.19:1. இதை 1.37 சட்டத்தில் அடைத்தால் உயரத்தில் 13 சதவீதம் போச்சு. மனைவியைத் தண்ணீரில் மூழ்கடிக்கலாமே என்று கணவனிடம் அவனை மயக்கிய நகரத்துக்காரி கேட்கும் அட்டையில் எழுத்துகளே கரைந்து கீழே வழியும். அதை அரைகுறையாகக் காட்டுவது பாவம். 1080 உயரத்துக்கு அகலம் 1285 பிக்சல், இருபுறமும் கறுப்பு. புரொஜெக்டரில் 'ஃபில்', 'ஸ்ட்ரெச்' இரண்டையும் அணைச்சிடுங்க.

வெள்ளித்திரை27:
94 நிமிடப் பிரதிதான் என் ஓட்டு. செக் பிரதி வேறு நெகட்டிவிலிருந்து வந்தது. ஒலித்தடம் இல்லாததால் சட்டம் அகலம், படமும் துல்லியம். ஆனால் ஷாட்களின் நீளம் மாறுவதால் மூவிடோன் இசையை அதன்மேல் ஒட்ட முடியாது. தனியாக இசையும் சப்டைட்டிலும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

மூல நெகட்டிவ் 1937 தீ விபத்தில் அழிந்துவிட்டது. அதனால் 94 நிமிடப் பிரதி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பளிச்சென்று தெரியட்டும் என்று பிரைட்னஸை ஏற்றினால் சதுப்பு நிலக் காட்சி சாம்பலாகிவிடும். சரிபார்க்க அந்த ஷாட்டையே போடுங்கள்: வேலி தாண்டி நடக்கும் ஜார்ஜ் ஓ'பிரையனை (கணவன்)த் தொடரும் கேமரா, நடுவழியில் அவரை விட்டுவிட்டு இலைகளை விலக்கிக்கொண்டு தனியே போய், நிலவொளியில் காத்திருக்கும் நகரத்துக்காரி மார்கரெட் லிவிங்ஸ்டனைக் கண்டுபிடிக்கும். கணவனுக்கு முன்பே நாம் போய்ச் சேர்ந்துவிடுகிறோம்! புதரின் கறுப்பும் பனியின் வெளுப்பும் பிரிந்து தெரிந்தால் அளவு சரி.

நிழல்சுருள்:
நன்றி. ஒலிக்கு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கத்தரிமேசை:
மோனோதான், நடு ஸ்பீக்கர் போதும், சரவுண்ட் வேண்டாம். இரைச்சல் நீக்கியை அதிகமாக வைக்காதீங்க. ஏரியில் மனைவியைத் தேடிக் கணவன் கூவுவது குரலாக வராது, ஹார்ன் வாத்தியமாகத்தான் வரும். வடிகட்டினால் முதலில் மழுங்குவது அதுதான்.